ஆமைக்கு யார் நெருங்கின சொந்தம்: உடும்பா, பூநாரையா?

இன்னைக்கு எபிசோடை நேரா ஒரு கேள்வியோட ஆரம்பிச்சிடலாம்.

ஜனவரி, பிப்ரவரி வாக்குல கோடியக்கரைப் பக்கம் மூணு உயிரினம் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம் இல்லாம இருக்கும். ஆழமில்லாத உப்புத் தண்ணியில கூட்டமா நிக்கிற பூநாரை. காட்டு ஓரத்துல ஊர்ந்து போற உடும்பு. ராத்திரி கடற்கரை மணல்ல ஏறி முட்டை போட வர்ற பங்குனி ஆமை, அதாவது நியூஸ்ல ஆலிவ் ரிட்லின்னு சொல்றாங்களே, அது. இந்த மூணுல எந்த ரெண்டு ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம்?

ஸ்கூல்ல படிச்சதை வெச்சு சொன்னா உடும்பும் ஆமையும். ரெண்டும் ஊர்வன, பூநாரை பறவை, முடிஞ்சது. ஆனா இன்னைக்கு இருக்கற மரபணு ஆதாரத்தின்படி பதில் வேற. ஆமையும் பூநாரையும்தான் நெருங்கின சொந்தம். உடும்பு தூரத்துப் பங்காளி.

இது குவிஸ்ல கேக்கறதுக்கு நல்லா இருக்குன்னு எடுத்த டாபிக் கிடையாது. 2025 ஜனவரியில சென்னையிலயும் அதைச் சுத்தின கடற்கரையிலயும் ஆயிரத்துக்கும் மேல ஆமைங்க செத்து ஒதுங்கினதா செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பெசன்ட் நகர் பீச்ல வாக்கிங் போனவங்க நிறைய பேர் நேராவே பார்த்திருப்பீங்க. அந்த ஆமைங்க ஏன் அந்த மாசத்துல, அந்த இடத்துல செத்துதுன்னு புரிஞ்சுக்கணும்னா அதோட வம்ச மரத்தைப் பார்த்தாகணும். அதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வரப்போறோம்.

முதல்ல இடம். தமிழ்நாடு மேப்ல காவிரி டெல்டா கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அந்த மூக்கு நுனிதான் கோடியக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்கு பூங்குழலி ஊர். அதுக்கு மேல அந்தப் பக்கம் போகல, போனா எபிசோடு மூணு மணி நேரம் ஆயிடும். (சிரிப்பு) 1967-ல வெளிமானுக்காக சரணாலயம் ஆச்சு, 2002-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சு. பக்கத்துலயே வேதாரண்யம் உப்பளம். 1930-ல ராஜாஜி திருச்சியிலேர்ந்து நடந்தே வந்து உப்பு எடுத்த ஊர். அங்கேர்ந்து உள்பக்கமா கொஞ்ச தூரம் போனீங்கன்னா நெல் வயல் வந்துடும். ஒரு பக்கம் ஆத்துத் தண்ணி, ஒரு பக்கம் உப்பு. தவளை, ஆமை, பாம்பு, பறவை எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்க இதைவிட நல்ல டெஸ்ட் என்விரான்மென்ட் கிடைக்காது.

வயல் தவளையிலேர்ந்து போவோம். தவளை வாயால தண்ணி குடிக்காது. தோல் வழியா உறிஞ்சிக்கும், முக்கியமா வயித்துக்கு அடியில இருக்கற தோல் வழியா. மூச்சுலயும் ஒரு பங்கு தோல் வழியாத்தான். அப்போ அந்தத் தோல் மெல்லிசா, ஈரமா, ஓட்டை வலை மாதிரி இருந்தாகணும். இப்படி ஒரு தோலோட உப்பளத்துக்குப் போனா என்ன ஆகும்? மாங்காய்த் துண்டுல உப்பு போட்டு வெச்சா கொஞ்ச நேரத்துல தண்ணி விடும்ல, அதேதான். உடம்புத் தண்ணி வெளிய போயிடும். உலகத்துல எட்டாயிரத்துக்கும் மேல இருவாழ்வி இனங்கள் இருக்கு. அதுல முழுக்க கடல்லயே வாழ்ற இனம் ஒண்ணு கூடக் கிடையாது.

எட்ட முடிஞ்ச தூரம் போனது ஒண்ணு இருக்கு. தென்கிழக்கு ஆசியாவோட அலையாத்திக் காடுகள்ல நண்டு தின்னுற ஒரு தவளை. 1961-ல அதை வெச்சு செஞ்ச ஆராய்ச்சியில, லிட்டருக்கு சுமார் 28 கிராம் உப்பு இருக்கற தண்ணியைக் கூட வளர்ந்த தவளை தாங்குதுன்னு பார்த்தாங்க. கடல் தண்ணியில இருக்கறது சுமார் 35 கிராம். எப்படித் தாங்குதுன்னா, ரத்தத்துல யூரியாவைத் தேக்கி வெச்சுக்குது. சுறா மீனும் கிட்டத்தட்ட இதே டெக்னிக்தான். ஆனா சுறாவும் தவளையும் இதைத் தனித்தனியா கண்டுபிடிச்சது. இந்த 'தனித்தனியா'ங்கற வார்த்தையை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இங்க ஒரு விஷயம் சொல்லிடறேன். மீன் முன்னேறி தவளை ஆச்சு, தவளை முன்னேறி பல்லி ஆச்சு, அப்புறம் பறவை, அப்புறம் நாமன்னு ஏணி மாதிரி ஒரு படம் நம்ம தலையில இருக்கு. தவளைன்னா ஏதோ அப்டேட் ஆகாத பழைய வெர்ஷன்னு நினைப்பு. அப்படி இல்லைங்க. தவளையோட வம்சமும் நம்மளோட வம்சமும் 33 கோடி வருஷத்துக்கும் முன்னாடி பிரிஞ்ச ரெண்டு ஃபோர்க். ரெண்டுமே அன்னைலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் கமிட் பண்ணிக்கிட்டேதான் இருக்கு. வயல்ல கத்திக்கிட்டு இருக்கற தவளை உங்க அளவுக்கு லேட்டஸ்ட்.

இந்த ஏணிப் படம் எங்கேர்ந்து வந்துச்சு? வகைப்படுத்தறது எல்லாமே ஆரம்பத்துல பார்வைக்கு என்ன தெரியுதோ அதை வெச்சுத்தான். தொல்காப்பியம் மரபியல்ல எத்தனை அறிவுன்னு எண்ணிப் பிரிச்சாங்க. நண்டுக்கு நாலறிவு. அது புலனை வெச்சு செஞ்ச பிரிவு, வம்சத்தைப் பத்திப் பேசவே இல்ல, அதனால அதைக் குறை சொல்லவும் முடியாது. லின்னேயஸ் 1758-ல செஞ்சதுதான் வேடிக்கை. தவளை, பாம்பு, பல்லி, ஆமை எல்லாத்தையும் ஆம்ஃபிபியான்னு ஒரே ஃபோல்டர்ல போட்டார். பத்தாததுக்கு சுறாவையும் திருக்கையையும் அதுலயே தள்ளினார். அதோட நிக்காம இதெல்லாம் அருவருப்பான ஜந்துங்கன்னு திட்டியும் எழுதி வெச்சார். ப்ராஜெக்ட்ல புரியாத ஃபைல் எல்லாத்தையும் 'மிஸ்க்'னு ஒரு ஃபோல்டர்ல போட்டுட்டுப் போவாங்களே, அந்த வேலை.

அந்த ஃபோல்டரைப் பிரிக்கற வேலையில நம்ம கரைக்கும் ஒரு பங்கு இருக்கு. கோடியக்கரையிலேர்ந்து கடலோரமாவே வடக்கே போனா நாகப்பட்டினம், காரைக்கால் தாண்டி தரங்கம்பாடி. 1620-லேர்ந்து 1845 வரைக்கும் டேனிஷ்காரங்க கையில இருந்த ஊர். அங்க இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான்ங்கற பாதிரியாருக்கு இயற்கை ஆராய்ச்சியில பைத்தியம். இங்க கிடைச்ச மீன், மத்த உயிரினங்களை எல்லாம் சேகரிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெர்லின்ல ப்ளாக்னு ஒரு மருத்துவரோட சேகரிப்புக்கு நிறைய போச்சு. அந்த சேகரிப்பை வெச்சு ஷ்னைடர்ங்கறவர் 1799-ல ஒரு பெரிய புத்தகம் போட்டார். இதுல ரசிக்க வேண்டியது என்னன்னா ஷ்னைடர் அடிப்படையில ஒரு கிரேக்க மொழிப் பண்டிதர். தண்ணி மேல தத்தித் தத்தி ஓடும் பாருங்க ஒரு குளத்துத் தவளை, அதுக்கும், மழைக்காலத்துல வீட்டு வாசல்ல வந்து உக்காருமே சாதாரணத் தேரை, அதுக்கும் அறிவியல் பெயர் வந்தது அந்தப் புத்தகத்துலதான்.

ஜான் பாதிரியார் பேர்லயே ஒரு பாம்பு இருக்கு. 1801-ல பேட்ரிக் ரஸல் அவர் பேரை மண்ணுளிப் பாம்புக்கு வெச்சார். எரிக்ஸ் ஜானியை. நியூஸ்ல 'இருதலைப் பாம்பு கடத்தல், கோடிக்கணக்கில் பேரம்'னு வருமே, அந்தப் பாவப்பட்ட பாம்புதான். அதுக்கு ஒரே தலைதாங்க. வால் மொழுக்கைன்னு இருக்கும், அவ்வளவுதான். அதுக்குப் போய் கோடி ரூபாயா!

சரி, கதைக்கு வருவோம். 1800-ல பிரான்ஸ்ல ப்ரோன்யார் தவளைக் கூட்டத்தைத் தனி வரிசையா பிரிச்சார், அடுத்து வந்தவங்க அதை ஒரு தனி வகுப்பாவே ஆக்கினாங்க. இருவாழ்வி வேற, ஊர்வன வேற. எது பிரிச்சது? முட்டை.

தவளை முட்டை வெறும் ஜெல்லி, தண்ணியில இருந்தாகணும். பல்லி, ஆமை, கோழி முட்டைக்குள்ள ஒரு சவ்வுப் பை இருக்கு, அதுல தண்ணி, அந்தத் தண்ணியில கரு மிதக்குது. குளத்தையே பார்சல் கட்டி முட்டைக்குள்ள வெச்ச மாதிரி. இந்த ஒரு மாத்தத்தாலதான் தண்ணியை விட்டுட்டு நிலத்துல எங்க வேணும்னாலும் போக முடிஞ்சுது. கனடாவுல நோவா ஸ்கோஷியாங்கற இடத்துல, மக்கிப்போன மரத்தோட அடித்தண்டுக்குள்ள கிடைச்ச ஹைலோனோமஸ்தான் ரொம்ப காலமா இந்தக் கூட்டத்தோட மூத்த சாட்சி, 31 கோடி வருஷத்துக்கும் மேல. 2025-ல ஆஸ்திரேலியாவுல நகத்தோட ஒரு காலடித் தடம் கிடைச்சு, கதையை சுமார் 35 கோடி வருஷம் வரைக்கும் பின்னாடி தள்ளிட்டாங்க. நாமளும் இந்தக் கூட்டம்தான். நம்ம குளம் அம்மா வயித்துக்குள்ள இருக்கு, பனிக்குடம்.

ஆனா இந்த முட்டைக்கு ஒரு கண்டிஷன். ஓடு வழியா அது காத்தை இழுக்கணும். தண்ணியில மூழ்கினா உள்ள இருக்கற குஞ்சுக்கு மூச்சு முட்டும். குளத்தை உள்ள வெச்ச முட்டையை இனிமே குளத்துல போட முடியாது.

இப்ப ஆமை. ஊர்வன ஃபோல்டருக்குள்ள இதை எங்க வைக்கறதுன்னு நூறு வருஷத்துக்கு மேல சண்டை. முன்னாடி எல்லாம் மண்டை ஓட்டுல கண்ணுக்குப் பின்னாடி எத்தனை ஓட்டைன்னு எண்ணித்தான் பிரிப்பாங்க. நம்ம பாலூட்டி வம்சத்துக்கு பக்கத்துக்கு ஒண்ணு. பல்லி, பாம்பு, முதலை, பறவை வம்சத்துக்கு ரெண்டு. ஆமைக்கு? ஒண்ணுமே இல்ல. அப்போ இதுதான் எல்லாத்தையும் விட பழசு, ஓட்டை வர்றதுக்கு முன்னாடியே பிரிஞ்சு போன கூட்டம்னு புத்தகம் எல்லாம் எழுதிச்சு. லாஜிக் சரியாத்தான் இருக்கு, ஒரே ஒரு இடத்தைத் தவிர. ஓட்டை முதல்லேர்ந்தே இல்லைங்கறதும், இருந்து அடைபட்டதும் வெளியிலேர்ந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்ப இருக்கற கோடை மட்டும் பார்த்தா, ஒரு ஃபங்ஷன் எழுதப்படவே இல்லையா, இல்ல எழுதி அப்புறம் டிலீட் ஆச்சான்னு தெரியாது. ஹிஸ்டரியைத் திறந்து பார்க்கணும்.

ஹிஸ்டரி ரெண்டு பக்கத்துலேர்ந்து திறந்துச்சு. ஒண்ணு புதைபடிவம். 2008-ல சீனாவுல குய்சோ மாகாணத்துலேர்ந்து ஓடோன்டோகெலிஸ்னு ஒரு ஆமையை அறிவிச்சாங்க, 22 கோடி வருஷம் பழசு. வாயில பல்லு, வயித்துப் பக்கம் ஓடு, முதுகுல முழு ஓடு இல்ல, அகலமான விலா எலும்பு மட்டும். பாதி கட்டின வீடு. 2015-ல ஜெர்மனியிலேர்ந்து பாப்போகெலிஸ், 24 கோடி வருஷம். அதோட மண்டையில ஓட்டை இருக்கு! ஆக, இருந்துதான் அடைபட்டிருக்கு.

இன்னொண்ணு மரபணு. 2012-ல, பல உயிரினங்கள்ல கிட்டத்தட்ட மாறாம இருக்கற ஆயிரத்துக்கும் மேற்பட்ட டி.என்.ஏ. பகுதிகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2013-ல பேராமையோட முழு ஜீனோமும் வந்துச்சு. ரெண்டுலயும் ஒரே பதில். ஆமையோட நெருங்கின சொந்தம் முதலையும் பறவையும். பல்லி, பாம்பு, உடும்பு எல்லாம் இன்னொரு கிளை. ஆமை தன்னோட பறவை-முதலைச் சொந்தத்துலேர்ந்து பிரிஞ்சதே 25 கோடி வருஷம் வாக்குலதான், பல்லிக் கூட்டம் அதுக்கும் முன்னாடியே தனியா போயிடுச்சு. இப்படிப் பார்த்தா பறவையை வெளிய வெச்சுட்டு ஊர்வனன்னு ஒரு கூட்டமே இல்ல. அண்ணன் தம்பி நாலு பேர்ல ஒருத்தருக்கு இறக்கை முளைச்சதுன்னு குடும்ப அட்டையிலேர்ந்து பேரை எடுத்த கதை அது.

கண்ணால பார்த்து சொந்தம் சொல்றதுல இருக்கற ஆபத்துக்கு நம்ம உப்பு டெஸ்ட்டே நல்ல உதாரணம். கடல்ல வாழ்ற ஊர்வனவுக்கும் பறவைக்கும் உடம்புல சேர்ற உப்பை வெளிய தள்ள ஒரு சுரப்பி வேணும். முட்டை போட வர்ற ஆமை அழுவுதுன்னு சொல்வாங்க பாருங்க, அது பிரசவ வேதனைக் கண்ணீர் இல்ல, உப்பு. 1958-ல ஷ்மிட்-நீல்சனும் இன்னொருத்தரும் அதை அளந்து காட்டினாங்க. கடல் தண்ணியை விட உப்பான கண்ணீர். ஆமைக்கு அந்தச் சுரப்பி கண் பக்கத்துல. கடல் பாம்புக்கு நாக்குக்கு அடியில. உப்புத் தண்ணி முதலைக்கு நாக்கு மேல. பூநாரை மாதிரி பறவைங்களுக்குக் கண்ணுக்கு மேல இருந்து மூக்கு வழியா வழியும். ஒரே பிரச்சினை, நாலு வேற வேற இடத்துல நாலு தீர்வு, தனித்தனியா. சுரப்பி இருக்குங்கறதை மட்டும் வெச்சு இதெல்லாம் ஒரே குடும்பம்னு சொல்லியிருந்தா மாட்டியிருப்போம்.

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் வருது. நிலத்துலேர்ந்து கடலுக்குத் திரும்பிப் போனவங்க கடல் பாம்பும் ஆமையும். ரெண்டு பேருக்கும் நுரையீரல்தான், மேல வந்து மூச்சு எடுக்கணும். ஆனா முட்டை விஷயத்துல ஒருத்தர் தப்பிச்சுட்டார். நம்ம பக்கத்துக் கடல் பாம்புங்கள்ல பெரும்பாலானது முட்டையே போடாது, தண்ணியிலயே குட்டி போடும். கரைக்கு வர வேண்டிய அவசியமே இல்ல. பல்லி-பாம்புக் கிளையில முட்டையை விட்டுட்டுக் குட்டி போட ஆரம்பிச்சது நூறு தடவைக்கும் மேல தனித்தனியா நடந்திருக்குன்னு கணக்கு சொல்றாங்க. மறுபக்கம் ஆமை, முதலை, பறவை இந்த மொத்தக் கிளையிலயும் இன்னைக்கு உயிரோட இருக்கறதுல ஒரு இனம் கூடக் குட்டி போடறது கிடையாது. பதினோராயிரம் வகை பறவை இருக்கு, ஒண்ணு கூட இல்ல. ஏன்னு இன்னும் விவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. ஆனா வம்ச மரம் தெரிஞ்சதும் ஆமையோட பிடிவாதம் புரியுதுல்ல? கடலுக்குப் போய் பத்து கோடி வருஷத்துக்கும் மேல ஆனாலும் அது முட்டைக்காகக் கரைக்கு வந்தே தீரும். பூநாரை கூடு கட்டியே தீரும்ங்கற மாதிரி.

இப்ப அந்த 2025 ஜனவரிக்குத் திரும்புவோம். முட்டை போட வர்ற பெண் ஆமைங்க, கூடச் சேர வந்த ஆண் ஆமைங்க எல்லாம் ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும் கரையை ஒட்டியே கூட்டமா இருக்கும். அதே கரை ஓரத்துலதான் இழுவை மடி போகுது. வலை அடியில இழுக்கும்போது மாட்டின ஆமையால மேல வந்து மூச்சு எடுக்க முடியாது. நிலத்துலேர்ந்து கொண்டு வந்த நுரையீரல். கடல் பிராணி கடல்லயே மூழ்கிச் சாகுது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்கினதுன்னு செய்தியில படிச்சிருப்பீங்களே, அது மூச்சு முட்டினதோட அடையாளம். கரைக்கு வர வெச்சது முட்டை, சாகடிச்சது நுரையீரல். ரெண்டுமே அது கடலுக்குப் போறதுக்கு முன்னாடியே வாங்கின கடன்.

மீனவர்களைக் கைகாட்டிட்டுப் போறது ஈஸி. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வேண்டாத ஆமையை வலையில இழுத்து யாருக்கும் லாபம் கிடையாது. வலையில ஒரு கம்பித் தடுப்பு வைக்கலாம். கொச்சியில இருக்கற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம்ம வலைக்குத் தோதா ஒண்ணு வடிவமைச்சிருக்கு. இறால் கம்பி இடுக்குல உள்ள போயிடும், ஆமை கம்பியில முட்டி மேல இருக்கற திறப்பு வழியா வெளிய வந்துடும். அந்தத் திறப்பு வழியா மீனும் போயிடுதுங்கறது படகுக்காரங்க சொல்ற குறை. டீசல் விலைக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குதான், அதை சும்மா ஒதுக்க முடியாது. ஆனா இந்தத் தடுப்பு இல்லைங்கறதுக்காகவே 2019-ல அமெரிக்கா நம்ம கடல் இறாலை வாங்கறதை நிறுத்திடுச்சு. ஆக நஷ்டம் எந்தப் பக்கம்னு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது அவங்க மட்டும் இல்ல, தடுப்புக்கு மானியம் கொடுக்கற நிலையில இருக்கற அரசும்தான்.

இன்னொண்ணு. கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள். அது மீனோட இனப்பெருக்கத்துக்காக வெச்ச தேதி. பேர்லயே பங்குனி இருக்கற ஆமைக்கு சித்திரையில ஆரம்பிக்கற தடை எந்த அளவுக்கு உதவும்னு நீங்களே பாருங்க.

கோடியக்கரையில வனத்துறை முட்டைகளை எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்துல புதைச்சு, குஞ்சுங்களைக் கடல்ல விடறாங்க. ஒரு குழியில சுமாரா நூறு முட்டை, ஒன்றரை ரெண்டு மாசத்துல பொரியும். இதுலயும் வம்சம் எட்டிப் பார்க்குது. ஆமைக் குஞ்சு ஆணா பொண்ணாங்கறதை முடிவு பண்றது மணலோட சூடு. சுமார் 30 டிகிரி வாக்குல ரெண்டும் கலந்து வரும், அதுக்கு மேல சூடு ஏறினா பெண், குறைஞ்சா ஆண். கொள்ளிடத்துல இருக்கற முதலைக்கும் சூடுதான் முடிவு பண்ணுது. பறவை மட்டும் குரோமோசோமுக்கு மாறிடுச்சு. வருஷா வருஷம் மணல் சூடாகிட்டே போனா பொரிப்பகத்துல நிழல் கட்டிச் சமாளிக்கலாம். திறந்த கரையில இருக்கற குழிக்கு யார் நிழல் கட்டறது?

சென்னையில இருக்கறவங்களுக்கு ஒரு தகவல். மாணவர்கள் ஆரம்பிச்ச எஸ்.எஸ்.டி.சி.என். அமைப்பு 1988-லேர்ந்து சீசன்ல ராத்திரி ஆமை நடை போறாங்க, அவங்களோட நீங்களும் நடக்கலாம். போனா செல்போன் டார்ச்சை ஆஃப் பண்ணிடுங்க. கடல் எந்தப் பக்கம்னு குஞ்சுங்க கண்டுபிடிக்கறது வெளிச்சத்தை வெச்சுத்தான், உங்க டார்ச் பக்கம் திரும்பிடும்.

அடுத்த எபிசோடுல கடல் பாம்பு. அதுல ஒண்ணுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்கள்ல லத்தீன் பேர் 'என்ஹைட்ரினா வலகடியென்'. சத்தமா ஒரு தடவை சொல்லிப் பாருங்க. எனக்கு 'வலைகடியன்'னுதான் காதுல விழுது. உங்க ஊர்ப் பக்கம் மீனவர்கள் கடல் பாம்பை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அதையும் சேர்த்தே பேசலாம்.